மனசாட்சி, கொள்கை, நேர்மை பற்றி ஆங்கிலத்தில் பேச: ஹெச்ஆர் ரவுண்டுக்கும் ஐஈஎல்டிஎஸ்ஸுக்கும் தயாராவோருக்கு

ஓஎம்ஆரில் ஐடி கம்பெனியின் ஹெச்ஆர் ரவுண்டு, ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் ஸ்பீக்கிங் பகுதி, இங்கிலாந்து மருத்துவமனைக்கான நர்ஸ் நேர்காணல், யூபிஎஸ்சி. நான்கும் வேறு வேறு பாதை. ஆனால் நான்கிலும் ஒரு கட்டத்தில் கேள்வி ஒரே இடத்துக்கு வந்துவிடும்: எது சரி, எது தப்பு, உங்களுக்கு எது முக்கியம், ஏன்? அங்கே நம்மவர்கள் பெரும்பாலும் "ஆனஸ்டி, ஹார்ட் ஒர்க், டிசிப்ளின், சின்சியாரிட்டி" என்று ஒப்பித்துவிட்டு நின்றுவிடுவார்கள். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்.

சொல் போதவில்லை என்று நினைத்து 500 சொல் பட்டியலை உருப்போடுகிறவர்கள் உண்டு. அது வீண் வேலை. நற்குணங்களின் பெயர்கள் பிளஸ் டூ முடித்த எவருக்கும் தெரியும். அந்தப் பெயரோடு எந்த வினைச்சொல் சேரும், எந்த பிரெபொசிஷன் வரும், அதை ஒரு சம்பவத்தில் எப்படிக் காட்டுவது என்பதில்தான் இடறுகிறோம். கீழே உள்ள படிகள் முழுக்க அதைச் சுற்றித்தான்.

1. எந்தக் கதவைத் தட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

ஒவ்வொரு இடத்துக்கும் சொல் மூட்டை வேறு.

ஐஈஎல்டிஎஸ் ஸ்பீக்கிங் மொத்தம் 11 முதல் 14 நிமிடம், மூன்று பாகம். ஒழுக்கம், விழுமியம் சார்ந்த கேள்விகளுக்கு அதிகம் இடம் இருப்பது மூன்றாம் பாகத்தில். அது 4 முதல் 5 நிமிடம். "பொய் சொல்வது எப்போதாவது சரியாகுமா?", "பிள்ளைகளுக்கு நல்லது கெட்டதைச் சொல்லித் தருவது பள்ளியின் வேலையா, வீட்டின் வேலையா?" என்ற வகைக் கேள்விகள் அங்கே வரலாம். மதிப்பெண் நான்கு கூறாகப் பிரியும்: தடையில்லாமல் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம பங்கு. 7 மதிப்பெண் (பேண்ட் 7) வேண்டுமென்றால் எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்ற அறிவு தெரிய வேண்டும். வெறும் பெரிய சொல் போதாது.

ஹெச்ஆர் ரவுண்டில் யாரும் தத்துவம் கேட்பதில்லை. "எத்திக்கல் டிலெம்மா ஒன்றைச் சொல்லுங்கள்", "மேனேஜர் சொன்னதை மறுத்தது உண்டா?" என்று சம்பவம் கேட்பார்கள். இங்கே இன்டெக்ரிட்டி, அக்கவுண்டபிலிட்டி, டிரான்ஸ்பரன்சி, கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட் ஆகிய நான்கும் தெரிந்தால் பெரும்பகுதி முடிந்தது.

இங்கிலாந்துக்குப் போகும் நர்ஸ்களுக்கு டிக்னிட்டி, கம்பாஷன், கன்சென்ட், கான்ஃபிடென்ஷியாலிட்டி, சேஃப்கார்டிங் ஆகியவை அன்றாடச் சொற்கள். இதில் 'டியூட்டி ஆஃப் கேண்டர்' என்பதை விட்டுவிடாதீர்கள். சிகிச்சையில் தவறு நடந்தால் நோயாளியிடம் மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்கும் கடமைதான் அது. நம் ஊர் மருத்துவமனையில் இந்தச் சொல் காதில் விழுவது அபூர்வம் என்பதால் நேர்காணலில் திணறுவார்கள். இங்கிலாந்தில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்எம்சியில் பதிய ஐஈஎல்டிஎஸ் வழியில் போனால் ஸ்பீக்கிங், ரீடிங், லிசனிங் மூன்றிலும் 7, ரைட்டிங்கில் 6.5 தேவை.

யூபிஎஸ்சி மெயின்ஸில் நான்காம் பொதுத் தாள் எத்திக்ஸுக்கானது, 250 மதிப்பெண், 2013 முதல் இருக்கிறது. ப்ரோபிட்டி, இம்பார்ஷியாலிட்டி, நான்-பார்ட்டிசன்ஷிப், அப்ஜெக்டிவிட்டி, எம்பதி ஆகிய சொற்கள் பாடத்திட்டத்திலேயே இருப்பவை. தமிழில் எழுதலாம், ஆனாலும் அண்ணா நகர் கோச்சிங் சென்டர்களில் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களே அதிகம் கண்ணில் படுவார்கள்.

ஆஸ்திரேலியாவுக்கு விசா போடுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் விஷயம். பெரும்பாலான விசாக்களில் 18 வயது நிறைந்த விண்ணப்பதாரர் 'வேல்யூஸ் ஸ்டேட்மெண்ட்' ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதில் 'ஃபேர் கோ' என்று ஒரு தொடர் வரும். எல்லோருக்கும் நியாயமான வாய்ப்பு என்று பொருள். பொருள் புரியாமல் டிக் அடிக்காதீர்கள்.

2. ஆவணம், செலவு, நாள் கணக்கு

ஐஈஎல்டிஎஸ்ஸுக்கு இந்தியாவில் பாஸ்போர்ட் மட்டுமே அடையாளம். ஆதார், பான், டிரைவிங் லைசன்ஸ் எதுவும் செல்லாது. எந்த பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்தீர்களோ அதே பாஸ்போர்ட்டின் அசலைத் தேர்வன்று கொண்டுபோக வேண்டும். நடுவில் புதுப்பித்தால் எண் மாறிவிடும், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலாவதி நெருங்கியிருந்தால் முதலில் அதை முடித்துவிட்டுத் தேர்வுக்குப் பணம் கட்டுங்கள்.

புது பாஸ்போர்ட் 36 பக்கம் சாதாரண முறையில் 1,500 ரூபாய். தட்கால் என்றால் கூடுதலாக 2,000. சென்னையில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் சேவா கேந்திரங்களில் எங்கே முன்பதிவு முதலில் கிடைக்கிறதோ அங்கே எடுங்கள். போலீஸ் வெரிஃபிகேஷனையும் சேர்த்து ஒரு மாதம் கையில் இருக்கட்டும். வெளிநாட்டு வேலைக்குக் கேட்கும் போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட்டும் அதே பாஸ்போர்ட் சேவா வழியாகத்தான், கட்டணம் 500 ரூபாய்.

ஐஈஎல்டிஎஸ் கட்டணம் 17,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. பதிவுப் பக்கத்தில் அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் இரண்டு ஆண்டு செல்லும். ஆகவே சேர்க்கை தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சீக்கிரம் எழுதிவிட்டு, விண்ணப்பிக்கும்போது காலாவதியாகி மறுபடி பணம் கட்டுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது.

தமிழ்ப் பெயர்க்காரர்களுக்கென்றே ஒரு பள்ளம் உண்டு: இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து, சர்நேம் கட்டம் காலி. தேர்வுப் பதிவில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும். சர்நேம் காலியாக இருந்தால் என்ன நிரப்புவது என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே மையத்தில் கேட்டுவிடுங்கள்.

ஹெச்ஆர் பக்கம் வந்தால், நற்சான்று. பள்ளி டிசியில் 'மாணவரின் ஒழுக்கமும் பண்பும்' என்று ஒரு வரி இருக்கும், எதிரே 'நன்று' என்று எழுதியிருப்பார்கள். எல்லோருக்கும் நன்றுதான், ஆகவே அதை யாரும் படிப்பதில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ரெஃபரன்ஸ் லெட்டர் வாங்கும்போது "ஹிஸ் கேரக்டர் அண்ட் கண்டக்ட் ஆர் குட்" என்ற ஒற்றை வரியோடு வாங்கி வராதீர்கள். நீங்கள் செய்த ஒரு காரியத்தை இரண்டு வரியில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பேராசிரியருக்கு மூன்று வாரம் அவகாசம் கொடுங்கள். செமஸ்டர் தேர்வு நேரத்தில் போய் நிற்காதீர்கள்.

3. 'தப்பு' என்ற ஒரு சொல்லை ஐந்தாகப் பிரித்துப் பழகுங்கள்

தமிழில் 'தப்பு' எல்லாவற்றுக்கும் பொருந்தும். கணக்கில் கூட்டல் தவறினாலும் தப்பு, லஞ்சம் வாங்கினாலும் தப்பு. ஆங்கிலத்தில் இவை தனித்தனி.

தெரியாமல் நடந்தது மிஸ்டேக். அதற்கு யார் பொறுப்பு என்று பேசும்போது ஃபால்ட். நியாயப்படி சரியில்லாதது ராங். சட்டம் தண்டிப்பது அஃபென்ஸ். சமயக் கண்ணோட்டத்தில் சின். "டேக்கிங் எ ப்ரைப் இஸ் எ மிஸ்டேக்" என்று சொன்னால், லஞ்சத்தைக் கைதவறி நடந்த விபத்து போலப் பேசுகிறீர்கள் என்று கேட்பவருக்குப் படும். அங்கே ராங் வேண்டும்.

'பாவம்' இதைவிட ஆபத்தானது. "பாவம், அவர் வேலை போய்விட்டது" என்பதில் சின் எங்கேயும் இல்லை. "ஐ ஃபெல்ட் சாரி ஃபார் ஹிம்" அவ்வளவுதான்.

எதிர்மறைச் சொற்களிலும் இதே கவனம் தேவை. இல்லீகல் என்றால் சட்டத்துக்குப் புறம்பு. அன்எத்திக்கல் என்றால் தொழில் நெறிக்குப் புறம்பு; வக்கீல், டாக்டர், ஆடிட்டர், இன்ஜினியர் செய்யும் காரியத்துக்குப் பெரும்பாலும் இதுதான். இம்மாரல் என்பது தனிமனித ஒழுக்கத்தைத் தொடும், கொஞ்சம் கனமாக விழும்; அலுவலகத்தில் சக ஊழியரைப் பற்றி இதைச் சொன்னால் அறை அமைதியாகிவிடும். ஏமாரல் என்பது நல்லது கெட்டது என்ற கணக்கே இல்லாத நிலை. ஹெச்ஆர் ரவுண்டில் சந்தேகம் வந்தால் அன்எத்திக்கலைப் பயன்படுத்துங்கள், பெரும்பாலும் பொருந்திவிடும்.

'மானம்', 'கௌரவம்' இரண்டுக்கும் ப்ரெஸ்டீஜ் என்று சொல்லும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. ப்ரெஸ்டீஜ் என்பது ஊர் தரும் பெருமை. மனிதன் என்பதாலேயே ஒருவருக்கு உள்ள மதிப்பு டிக்னிட்டி. தன் மேல் தனக்குள்ள மதிப்பு செல்ஃப்-ரெஸ்பெக்ட். மூன்றையும் ஒரே பதிலில் சரியாகப் பிரித்துச் சொல்கிறவரைத் தேர்வாளர் கவனிப்பார்.

4. பெயர்ச்சொல்லைத் தனியாக எழுதாதீர்கள்

நோட்டில் ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் சொல், நடுவில் அதோடு வரும் வினை அல்லது பிரெபொசிஷன், மூன்றாவதில் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம். மூன்றாம் பத்தி காலியாக இருந்தால் அந்தச் சொல் உங்களுடையது ஆகவில்லை என்று பொருள்.

வாரத்துக்கு 12 சொல் போதும். கூடினால் குழம்பும். தொடங்குவதற்குச் சில:

ப்ரின்சிபிள் என்றால் 'ஸ்டிக் டு', 'ஸ்டாண்ட் பை', விட்டுக்கொடுத்தால் 'காம்ப்ரமைஸ் ஆன்'. வேல்யூஸ் என்றால் பிள்ளைகளுக்குள் 'இன்ஸ்டில்' செய்வது, நடைமுறையில் 'அப்ஹோல்ட்' செய்வது, ஒருவரோடு ஒருவர் 'ஷேர்' செய்வது. விதி என்றால் 'அபைட் பை' அல்லது 'அட்ஹியர் டு'. வாக்கு என்றால் 'கீப் எ ப்ராமிஸ்', தவறினால் 'பிரேக்'. 'கீப் அப் த ப்ராமிஸ்' கிடையாது. எல்லை போடுவது 'டிரா த லைன் அட்'. கண்டும் காணாமல் இருப்பது 'டர்ன் எ ப்ளைண்ட் ஐ டு'. வேலையில் அரைகுறையாக முடிப்பது 'கட் கார்னர்ஸ்'. நியாயத்துக்காகக் குரல் கொடுப்பது 'ஸ்டாண்ட் அப் ஃபார்'. சொல்வதைச் செய்வது 'ப்ராக்டிஸ் வாட் யூ ப்ரீச்'.

பிரெபொசிஷனில் அடிக்கடி சறுக்கும் இடங்கள்: லாயல் டு, அஷேம்ட் ஆஃப், ரெஸ்பெக்ட் ஃபார், பிலீவ் இன். ரெஸ்பான்சிபிள், அக்கவுண்டபிள் இரண்டுக்கும் ஆள் என்றால் டு, காரியம் என்றால் ஃபார். கில்ட்டி இரண்டு விதம்: குற்றம் செய்தவர் கில்ட்டி ஆஃப், மனசு உறுத்துகிறவர் கில்ட்டி அபவுட். கமிட்டட் டு என்ற பிறகு வினை வந்தால் 'இங்' வேண்டும்; "கமிட்டட் டு டெல்லிங் த ட்ரூத்" என்பதே சரி.

ஒருமை பன்மையிலும் கண் வையுங்கள். ஆனஸ்டி, இன்டெக்ரிட்டி, கம்பாஷன் ஆகியவற்றோடு 'எ' சேராது, பன்மையும் கிடையாது. மாரல் என்ற ஒருமைப் பெயர்ச்சொல் கதை சொல்லும் நீதி. மாரல்ஸ் என்ற பன்மைதான் ஒருவருடைய ஒழுக்க நெறி. "ஹி ஹேஸ் நோ மாரல்" என்பது அரைகுறை, "நோ மாரல்ஸ்" என்று முடியுங்கள். அதேபோல வேல்யூ என்றால் பெரும்பாலும் விலை, பயன். வேல்யூஸ் என்றால் விழுமியம். ஒர்க் எத்திக் என்பதில் கடைசியில் 'ஸ்' கிடையாது.

ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் அகராதியும் லாங்மேன் அகராதியும் இணையத்தில் இலவசம். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள், தமிழ்ப் பொருளை மட்டும் பார்த்து மூடாதீர்கள். காசு கொடுத்து வொக்காபுலரி ஆப் வாங்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கணிப்பு.

5. சென்னையில் பொருள் மாறிப்போன சொற்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்குங்கள். தெரியாத சொல்லை எப்படியும் அகராதியில் தேடுவோம். தெரிந்ததாக நினைக்கும் சொல்லைத் தேடவே மாட்டோம்.

சின்சியர். "ரொம்ப சின்சியரான பையன்" என்றால் இங்கே ஒழுங்காகப் படிக்கிறவன், நேரத்துக்கு வேலைக்கு வருகிறவன். வெளியே அதற்குப் பொருள் உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாதவர். நீங்கள் சொல்ல நினைப்பது ஹார்ட்-ஒர்க்கிங், டிலிஜென்ட் அல்லது கான்ஷியென்ஷஸ்.

ரெக்கமண்டேஷன். "ரெக்கமண்டேஷன்ல வேலை வாங்கினான்" என்றால் நமக்குச் சிபாரிசு, முகம் சுளிக்கும் விஷயம். ஆங்கிலத்தில் ரெக்கமண்டேஷன் கௌரவமானது. பேராசிரியர் தரும் கடிதமே அதுதான். சிபாரிசைக் குறை சொல்ல வேண்டுமென்றால் 'சம்ஒன் புல்ட் ஸ்ட்ரிங்ஸ்' அல்லது 'த்ரூ கனெக்ஷன்ஸ்'. சொந்தக்காரர் என்பதற்காகக் கொடுத்தால் நெபோடிசம். பிடித்தவர் என்பதற்காகக் கொடுத்தால் ஃபேவரிட்டிசம்.

அட்ஜஸ்ட். "ஐ அட்ஜஸ்ட் வித் எவ்ரிஒன்" என்பது பஸ் சீட்டில் தள்ளி உட்காரும் சென்னைக்குப் புரியும், மற்றவர்க்குப் புரியாது. "ஐ கெட் ஆன் வெல் வித் பீப்பிள்" அல்லது "ஐ ட்ரை டு பி ஃப்ளெக்சிபிள்" என்று சொல்லுங்கள்.

டீசன்ட். இங்கே டீசன்டான ஆள் என்றால் அயர்ன் பண்ணிய சட்டை, அதட்டாத பேச்சு. ஆங்கிலத்தில் எ டீசன்ட் மேன் என்றால் நல்ல மனசுக்காரர், நேர்மையானவர். சட்டை கசங்கியிருந்தாலும் டீசன்ட்தான். சம்பளத்துக்கு முன்னால் வந்தால் 'பரவாயில்லை, போதுமானது' என்று பொருள்.

ஹோம்லி. கல்யாண விளம்பரத்தில் பாராட்டு. அமெரிக்கரிடம் ஒரு பெண்ணை ஹோம்லி என்றால் பார்க்க லட்சணமில்லை என்று சொன்னதாகிவிடும். பிரிட்டிஷாருக்கு வீடு வசதியாக, இதமாக இருப்பது. ஆளைக் குறிக்கவே வேண்டாம்.

கேரக்டர்லெஸ். நம்மிடம் இது நடத்தை கெட்டவர் என்ற வசை. அங்கே சாரமில்லாத, சப்பென்ற ஒன்றைக் குறிக்கும், கட்டடத்துக்குக்கூடச் சொல்வார்கள். "கேரக்டர் சரியில்லை" என்பதை அப்படியே மாற்றிச் சொல்லாமல் 'கான்ட் பி ட்ரஸ்டட்' என்று சொல்லிவிடுங்கள்.

ப்ரௌட். "அவன் ரொம்ப ப்ரௌட்" என்று நாம் சொல்வது திமிரை. அதற்கு அராகன்ட். ப்ரௌட் ஆஃப் என்று வந்தால் நல்ல பொருள்தான். தம்பியின் மதிப்பெண்ணைப் பற்றித் தாராளமாகச் சொல்லலாம்.

ஷை. தப்பு செய்துவிட்டு வெட்கப்படுவது அஷேம்ட். பலர் முன்னால் வழுக்கி விழுந்தால் எம்பாரஸ்ட். மேடை ஏறக் கூசுவது ஷை. மூன்றையும் கலக்காதீர்கள்.

ஒபீடியன்ட். கடிதத்தின் கீழே 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' எழுதிப் பழகிய பள்ளிக்கூடப் பழக்கம். வளர்ந்த ஆள் தன்னை ஒபீடியன்ட் என்று சொன்னால் சுயபுத்தி இல்லாதவர் போலக் கேட்கும், நாய்க்குட்டிக்கும் அதே சொல்தான். கோஆப்பரேட்டிவ் அல்லது ரெஸ்பெக்ட்ஃபுல் என்று மாற்றுங்கள்.

"கரெக்ட்டான மனுஷன்" என்பதற்கு கரெக்ட் பெர்சன் போட்டால் சரியான ஆளைத் தேடிப் பிடித்த மாதிரி இருக்கும். எ மேன் ஆஃப் ப்ரின்சிபிள் அல்லது அப்ரைட் என்பதே அந்த ஆள்.

6. உச்சரிப்பும் எழுத்துக் கூட்டலும்

கான்ஷன்ஸ் என்பது மனசாட்சி. அதற்குள்ளே சயின்ஸ் என்ற எழுத்துகள் இருப்பதால் 'கான்சயன்ஸ்' என்று படித்துவிடுகிறார்கள். கான்ஷஸ் என்றால் சுயநினைவோடு, உணர்வோடு இருப்பது. கான்ஷியென்ஷஸ் என்றால் பொறுப்பாக வேலை செய்யும் குணம். மூன்றையும் அடுத்தடுத்துச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நாக்கு பழக ஒரு வாரம் ஆகும்.

மாரல் முதல் அசையில் அழுத்தம். கடைசியில் 'ஈ' எழுத்து ஒட்டிய மொரால் வேறு சொல், அது குழுவின் உற்சாகம். அழுத்தம் இரண்டாம் அசையில். ஹிப்பக்ரிட் என்பதே வேடதாரிக்கான சொல்லின் ஒலி, 'ஹைப்போக்ரைட்' கிடையாது. ஆனஸ்ட்டில் 'ஹெச்' ஊமை, ஆகவே முன்னால் 'அன்' வரும். ஹம்பிளில் அதே 'ஹெச்' ஒலிக்கும். ஜென்யூயின் என்பதன் கடைசி அசை 'இன்', 'ஐன்' கிடையாது. இன்டெக்ரிட்டியில் அழுத்தம் 'டெக்' மீது.

எழுத்தில் ப்ரின்சிபிள் இரட்டையர் சிக்கல் தீராதது. 'பிஎல்இ' என்று முடிந்தால் கொள்கை; 'பிஏஎல்' என்று முடிந்தால் கல்லூரி முதல்வர் அல்லது முதன்மையானது. பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு தரும் கட்டுரையான ஸ்டேட்மெண்ட் ஆஃப் பர்ப்பஸில் இந்தப் பிழை இருந்தால் ஸ்பெல்செக் பிடிக்காது, இரண்டுமே சரியான சொல் என்பதால்.

7. பதிலைக் கட்டுவது

குணத்தின் பெயரைச் சொல்லாமல் குணத்தைக் காட்டுங்கள். ஒரு டெஸ்டிங் இன்ஜினியரின் பதிலை எடுத்துக்கொள்வோம். கேள்வி: மேலதிகாரி சொன்னதோடு உடன்படாத சந்தர்ப்பம் ஏது?

பலவீனமான பதில்: "ஐ ஆம் எ வெரி ஆனஸ்ட் பெர்சன். ஆனஸ்டி இஸ் மை பாலிசி. ஐ ஆல்வேஸ் ஃபாலோ எத்திக்ஸ்." மூன்று வாக்கியம், ஒரு தகவலும் இல்லை.

தேறும் பதில்: "வீ வேர் எ டே பிஹைண்ட் ஷெட்யூல், அண்ட் ஐ வாஸ் ஆஸ்க்ட் டு மார்க் த்ரீ டெஸ்ட்ஸ் அஸ் பாஸ்ட். ஐ செட் ஐ வாஸன்ட் கம்ஃபர்ட்டபிள் சைனிங் ஆஃப் ஆன் சம்திங் ஐ ஹேடன்ட் ரன். ஐ ஆஃபர்ட் டு ஸ்டே லேட் அண்ட் ரன் தெம் தட் நைட். ஒன் ஆஃப் தெம் ஃபெய்ல்ட்."

இங்கே இன்டெக்ரிட்டி என்ற சொல்லே வரவில்லை, ஆனால் கேட்பவர் தன் தாளில் அதைத்தான் எழுதுவார். 'நாட் கம்ஃபர்ட்டபிள்' என்பதைக் கவனியுங்கள்: மேலதிகாரியைக் குற்றவாளி ஆக்காமல் மறுக்கும் வழி அது. 'ஸ்டே பேக்' என்று நாம் சொல்வதும் 'ஸ்டே லேட்' ஆகியிருக்கிறது. கடைசி வாக்கியம் நான்கே சொல். அதோடு நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு "ஸோ ஐ லேர்ன்ட் தட் ஆனஸ்டி இஸ் இம்பார்ட்டன்ட்" என்று ஒட்டினால் பதில் கெட்டுவிடும்.

நடக்காத சம்பவத்தைக் கட்டி எழுதாதீர்கள். அடுத்த கேள்வி "எந்த மூன்று டெஸ்ட்?" என்று வரும். பெரிய வீரம் தேவையில்லை. பில்லில் கூடுதலாக வந்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, குரூப் ப்ராஜெக்ட்டில் வேலை செய்யாதவர் பெயரைச் சேர்க்க மறுத்தது ஆகியவையே போதும். வேறு வேறு குணங்களுக்கு ஐந்து சம்பவம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

ஐஈஎல்டிஎஸ் மூன்றாம் பாகத்தில் சம்பவம் பாதி, பொதுக்கருத்து பாதி. அங்கே நம் ஆட்கள் தீர்ப்பைக் கல்லில் செதுக்கிவிடுவார்கள்: "லையிங் இஸ் ஆல்வேஸ் ராங்." சொல்லிவிட்டு மேலே பேச வழியிருக்காது. "ஐ'ட் சே இட் டிபெண்ட்ஸ் ஆன் ஹூ கெட்ஸ் ஹர்ட்" என்று தொடங்கினால், ஆஸ்பத்திரியில் இருக்கும் பாட்டியிடம் சொல்லும் ஒய்ட் லையிலிருந்து விற்பனையில் மறைக்கும் குறை வரை இரண்டு நிமிடம் ஓடும். 'டெண்ட் டு', 'டு மை மைண்ட்', 'எ க்ரே ஏரியா', 'அப் டு எ பாயிண்ட்' ஆகிய நான்கும் இதற்கு உதவும். பிறர் செயலைக் குறை சொல்ல நேர்ந்தால் 'ராங்' என்று அடிக்காமல் 'கொஸ்சனபிள்' என்று தொடங்கி, தேவைப்பட்டால் ஏற்றுங்கள். எல்லோரையும் எடைபோட்டுப் பேசினால் உங்களுக்கு ஜட்ஜ்மெண்டல், செல்ஃப்-ரைட்டியஸ் என்ற இரண்டு பட்டம் கிடைக்கும்.

"இன் அவர் கல்ச்சர்" என்று தொடங்கி எட்டு கோடிப் பேருக்கும் சேர்த்துப் பேசுவதையும் குறையுங்கள். "இன் த ஃபேமிலி ஐ க்ரூ அப் இன்" என்றால் யாரும் மறுக்க முடியாது.

8. எட்டு வாரம் போதும்

முதல் இரண்டு வாரம் படி 3, 4. அடுத்த இரண்டு வாரம் படி 5. தினமும் வாட்ஸ்அப்பில் நீங்கள் எழுதும் ஆங்கிலத்திலிருந்தே மாட்டும் சொற்களைப் பிடியுங்கள். ஐந்தாம், ஆறாம் வாரம் ஐந்து சம்பவங்களையும் ஃபோனில் பதிவு செய்து, கேட்டு, சுருக்குங்கள். ஒரு சம்பவம் 90 விநாடிக்கு மேல் போனால் வெட்டுங்கள். கடைசி இரண்டு வாரம் எதிரே ஆள் வேண்டும். தனியாகக் கண்ணாடி முன் பேசுவதில் ஒரு பயனும் இல்லை, கண்ணாடி குறுக்குக் கேள்வி கேட்காது.

படிக்க இடம் தேடுகிறவர்களுக்கு: கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது. எழும்பூர் பக்கம் என்றால் கன்னிமாரா. அங்கே வரும் தேர்வர்களில் இருவர் மூவர் சேர்ந்தாலே பேச்சுப் பயிற்சிக்குக் குழு தயார். பேசுவதை மட்டும் வெளியே டீக்கடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோச்சிங் சேருவதானால் ஒன்று மட்டும் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை முறை தனியாளாக உட்காரவைத்துப் பேசவைப்பீர்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் பணத்தைக் கட்டாதீர்கள். எழுதிக்கொடுத்த பதிலை மனப்பாடம் செய்யச் சொல்லும் இடத்தையும் தவிர்த்துவிடுங்கள். ஒப்பிக்கும் பதிலைத் தேர்வாளர் முதல் வாக்கியத்திலேயே கண்டுபிடித்து, கேள்வியை மாற்றிவிடுவார்.

9. தேர்வும் அதற்குப் பிறகும்

ஸ்பீக்கிங் மற்ற மூன்று தாள்களோடு ஒரே நாளில் வரலாம், முன்னே பின்னே வேறு நாளிலும் விழலாம். பதிவு உறுதியான பிறகு வரும் மெயிலில் நேரத்தைத் தனியாகப் பாருங்கள். கேள்வி புரியாவிட்டால் "குட் யூ ரீஃப்ரேஸ் தட்?" என்று கேட்கத் தயங்காதீர்கள். ஒரு சொல் நினைவுக்கு வராவிட்டால் சுற்றிவளைத்து விளக்குங்கள். ஹிப்பக்ரிட் மறந்துபோனால் "சம்ஒன் ஹூ சேஸ் ஒன் திங் அண்ட் டஸ் அனதர்" என்று சொல்லலாம். இப்படி விளக்கத் தெரிவதும் சொல்வளக் கணக்கில் சேரும்.

கணினித் தேர்வென்றால் சில நாட்களிலேயே முடிவு வரும். ஸ்பீக்கிங் மட்டும் குறைந்திருந்தால் இரண்டு வழி. ஒன்று, மறுமதிப்பீடு: தேர்வு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் கேட்க வேண்டும், மதிப்பெண் ஏறினால் கட்டிய கட்டணம் திரும்பும். மற்றொன்று, 'ஒன் ஸ்கில் ரீடேக்': கணினித் தேர்வு எழுதியவர்கள் 60 நாளுக்குள் ஒரே ஒரு திறனை ஒரே ஒரு முறை மறுபடி எழுதலாம். எல்லாப் பல்கலைக்கழகங்களும், எல்லா விசாக்களும் இதை ஏற்பதில்லை. நீங்கள் விண்ணப்பிக்கும் இடத்துக்கு மெயில் போட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.